பிரமிடுகளுக்கும் மூத்த வீடுகள், நெருங்கி வரும் கடல்: ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவுகளில் என்ன இருக்கிறது?

1850-ம் ஆண்டு குளிர்காலம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளை ஒரு பெரும்புயல் புரட்டிப் போட்டது. ஸ்கெய்ல் விரிகுடாவின் கரையில் புல் மூடிக் கிடந்த ஒரு மணல்மேட்டை, காற்றும் அலையும் சேர்ந்து தோலுரித்துவிட்டன. புயல் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், மணலுக்கு அடியில் கல் சுவர்கள். கூரையைக் காணோம். மற்றபடி கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அத்தனையும் கல்.

அந்த ஊரின் இன்றைய பெயர் ஸ்காரா ப்ரே. சுமார் கி.மு. 3180 முதல் கி.மு. 2500 வரை அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். எகிப்தின் கீசா பெரிய பிரமிடு எழுவதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஸ்காட்லாந்து டூர் என்றால் பெரும்பாலானவர்களுக்கு எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி, ஹாரி பாட்டர் படத்தில் வந்த ரயில் பாலம், அத்தோடு சரி. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக ஓர்க்னி, லூயிஸ், செயின்ட் கில்டா என்று வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் தீவுகளுக்குப் பயணிகள் கூட்டம் படையெடுக்கிறது. இவ்வளவு பழமையான இடங்கள் ஏன் இவ்வளவு தொலைவில் இருக்கின்றன? அவற்றை வெளிக்கொண்டுவந்த கடலே இப்போது ஏன் அவற்றுக்கு ஆபத்தாக மாறியிருக்கிறது?

தொலைவா? யாருக்குத் தொலைவு?

ஓர்க்னியில் சுமார் 70 தீவுகள். அவற்றில் 20 தீவுகளில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 22,000. அதாவது, நம்மூர் சிறிய பேரூராட்சி அளவு. இருப்பதில் பெரிய தீவுக்கு 'மெயின்லேண்ட்' என்றே பெயர். முதல்முறை போகிறவர்கள் இதில் குழம்பாமல் இருக்க முடியாது. ஓர்க்னிக்காரர் 'மெயின்லேண்ட்' என்று சொன்னால் அது பிரிட்டனின் நிலப்பரப்பு இல்லை, பக்கத்துத் தீவு!

லண்டனிலிருந்து பார்த்தால் ஓர்க்னி நாட்டின் விளிம்பு. லண்டனை விட நார்வேயின் பெர்கன் நகரம்தான் அதற்குப் பக்கம். 5,000 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமையே வேறு. காடும் சதுப்புமாக இருந்த நிலத்தில் நடப்பதை விடப் படகில் போவது எளிது. கடல்தான் அன்றைய நெடுஞ்சாலை. அந்த நெடுஞ்சாலையில் ஓர்க்னி ஒரு முக்கியமான ஜங்ஷன்.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது: எலி. ஓர்க்னியில் 'வோல்' எனப்படும் குட்டை வால் வயல் எலி ஒரு வகை உண்டு. பிரிட்டனின் பெருநிலத்தில் அந்த வகை கிடையாது. மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில், இன்றைய பெல்ஜியம் பக்கத்து எலிகளோடுதான் அதற்கு நெருங்கிய உறவு. 5,000 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவிலிருந்து தானியமோ, கால்நடைத் தீவனமோ ஏற்றிவந்த படகில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இடையில் இங்கிலாந்தில் எங்கும் இறங்காமல் நேராக வந்திருக்கிறது!

2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு தலைப்புச் செய்தியானது. தென் இங்கிலாந்தில் உள்ள ஸ்டோன்ஹெஞ்சின் நடுவில் கிடக்கும் 6 டன் 'பலிபீடக் கல்', ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்தது என்றது அந்த ஆய்வு. குறைந்தது 750 கி.மீ. பயணம். அந்தப் பாறைப் படுகை ஓர்க்னி வரை நீள்வதால், 'ஓர்க்னி கல்தான்' என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். ஆனால் சில வாரங்களில் வெளிவந்த அடுத்த ஆய்வு, ஓர்க்னியின் மெயின்லேண்ட் தீவுப் பாறைகளோடு அது பொருந்தவில்லை என்றது. கல் எந்த ஊருடையது என்ற தேடல் தொடர்கிறது. எந்த ஊராக இருந்தாலும், வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே அவ்வளவு பழைய தொடர்பு இருந்திருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

கடப்பா கல் அலமாரி மாதிரி...

ஸ்காரா ப்ரேயைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது: 'இது நம்ம வீடு மாதிரியே இருக்கே!' ஒரே அறைதான். நடுவில் அடுப்பு. இரண்டு பக்கமும் கல் பலகைகளால் அடைத்த படுக்கைகள். வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி இரண்டடுக்கு அலமாரி. கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் இதே பிளான். அலமாரியில் என்ன வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விருந்தாளி உள்ளே வந்ததும் பார்க்க வேண்டிய பொருளைத்தான் அங்கே வைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய தொல்லியல் அறிவு தேவையில்லை. ஷோகேஸ் வைத்த எந்த வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

தரையில் களிமண் பூசி நீர் கசியாமல் செய்த கல் தொட்டிகள் உண்டு. சுவருக்குள் சிறு அறைகள், அவற்றில் சிலவற்றுக்குக் கீழே வடிகால். அவை கழிப்பறைகளாக இருந்திருக்கலாம். கதவை உள்ளிருந்து தாழிட, குறுக்குக் கட்டை செருகும் துளையும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு போக, மேலே மூடிய நடைபாதை. வெளியே எவ்வளவு காற்றடித்தாலும் நனையாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் வரலாம். வீடுகளைச் சுற்றி மட்கிய குப்பையைக் கெட்டியாக அணைத்திருக்கிறார்கள். குளிர் தாக்காமல் இருக்க அது ஒரு போர்வை.

ஏன் எல்லாம் கல்? ஓர்க்னியில் மரம் அரிது. அதே நேரத்தில், அங்கே கிடைக்கும் மணற்பாறை அடுக்கடுக்காகப் பலகை போலப் பிளந்து வரும். பழைய வீட்டுச் சமையலறையில் கடப்பா கல்லைச் செருகி அலமாரி கட்டியிருப்பார்களே, அதே உத்திதான். மரத்தில் செய்திருந்தால் இன்று எதுவும் மிஞ்சியிருக்காது. மரப்பஞ்சம் அவர்களுக்குத் தொல்லை, நமக்கு அதிர்ஷ்டம்.

மக்கள் ஏன் ஊரைக் காலி செய்தார்கள்? ஒரு வாசலில் அறுந்து சிதறிய மணிகள் கிடைத்ததால், திடீர்ப் புயலில் அலறியடித்து ஓடியிருப்பார்கள் என்று முன்பு நம்பினார்கள். 1920-களின் இறுதியில் இங்கே அகழாய்வு செய்த கார்டன் சைல்டின் காலத்தில் பிரபலமான கதை அது. இப்போது பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மணலும் உப்புக் காற்றும் விவசாயத்தைக் கெடுக்க, வாழ்க்கை முறையும் மாற, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கலாம். சினிமாவுக்கு முதல் கதைதான் நல்லது. ஆதாரம் இரண்டாவது பக்கம் சாய்கிறது.

இந்த ஊர் கட்டப்பட்டபோது கடற்கரையில் இல்லை. கடல் அப்போது தள்ளி இருந்தது. இன்று அலை சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. 1924-ல் அடித்த புயல் ஒரு வீட்டின் ஒரு பகுதியையே கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் தடுப்புச் சுவர் கட்டினார்கள். சுவர் இருக்கும் இடத்தில் கரை நிற்கிறது, சுவருக்கு இரு பக்கமும் கரை பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. 2019-ல் பருவநிலை மாற்றத்தால் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு வரும் ஆபத்தை அளவிடும் புதிய முறை ஒன்றை இங்கே பரிசோதித்தார்கள். ஸ்காரா ப்ரேயும் அதைச் சேர்ந்த இடங்களும் 'மிக மிக அபாய' நிலையில் இருப்பதாக முடிவு வந்தது. கடல்மட்ட உயர்வு, கூடுதல் மழை, புயலின் தீவிரம் ஆகியவைதான் காரணங்கள்.

இரண்டு ஏரி, நடுவில் ஒரு பாதை

ஸ்காரா ப்ரேயிலிருந்து பத்து கி.மீ. தொலைவுக்குள் மற்ற பெரிய இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்டென்னஸ், ஹாரே என்று இரண்டு ஏரிகள். இரண்டையும் பிரிக்கும் ஒல்லியான நிலத்தின் ஒரு முனையில் ஸ்டென்னஸ் கற்கள், மறுமுனையில் ப்ராட்கர் வளையம். 1999-ல் யுனெஸ்கோ இவற்றையும் ஸ்காரா ப்ரே, மேஸ்ஹவ் கல்லறையையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ப்ராட்கர் வளையத்தின் விட்டம் 104 மீட்டர். முதலில் 60 கற்கள் இருந்திருக்கலாம் என்பது கணக்கு, இன்று மிஞ்சியவை 36. சுற்றிலும் பாறையைக் குடைந்து வெட்டிய அகழி. இரும்புக் கருவி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அகழியைப் பார்க்க வேண்டும். 1980-ல் ஒரு கல் மீது மின்னல் விழுந்து பிளந்தது. பிளந்த துண்டு இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஸ்டென்னஸில் நான்கு கற்கள்தான் வட்டத்தில் நிற்கின்றன. ஆனால் அவற்றில் உயரமானவை இரண்டு மாடி உயரத்துக்கு, பலகை போல மெல்லியதாக. இதன் பக்கத்தில் 'ஓடின் கல்' என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு துளை. காதலிக்கும் ஜோடி ஆளுக்கொரு பக்கம் நின்று, துளை வழியாகக் கைகோத்துச் சத்தியம் செய்தால் அது திருமணத்துக்குச் சமம். 1814 டிசம்பரில், வெளியூரிலிருந்து வந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர், தன் வயலில் ஆட்கள் மிதித்துப் போகிறார்கள் என்ற எரிச்சலில் அந்தக் கல்லை உடைத்துப் போட்டார். மற்ற கற்களிலும் கை வைத்தார். ஊர் கொதித்துப்போய் அவர் வீட்டுக்குத் தீ வைக்கவே முயன்றது. மிச்சக் கற்கள் தப்பின. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்ற சட்டமெல்லாம் வராத காலம் அது. ஊர்க்காரர்களின் கோபம்தான் அன்றைய தொல்லியல் துறை.

இரு வட்டங்களுக்கும் நடுவில் இருந்த மேட்டை எல்லோரும் இயற்கையான குன்று என்றே நினைத்தார்கள். 2003-ல் உழும்போது ஒரு செதுக்கிய கல் பலகை கிளம்பியது. அடுத்த ஆண்டு தொடங்கிய அகழாய்வு 20 ஆண்டுகள் நடந்தது. நெஸ் ஆஃப் ப்ராட்கர் என்ற அந்த இடத்தில் வெளிவந்தவை சாதாரண வீடுகள் அல்ல. பல மீட்டர் தடிமனான சுற்றுச்சுவர், வண்ணம் பூசிய சுவர்கள், கல் பலகை வேய்ந்த கூரைகள், 25 மீட்டர் நீளக் கட்டடம். சுமார் ஆயிரம் ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்திருக்கிறது. அந்தப் பெரிய கட்டடத்தின் கதை முடிவுக்கு வந்தபோது, நூற்றுக்கணக்கான மாடுகளை வெட்டி ஒரு பெருவிருந்து நடந்திருக்கிறது. எலும்புகளில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி. அவற்றைக் கட்டடத்தைச் சுற்றி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஏன்? வழியனுப்பு விழாவா, புதிய தலைமையின் அதிகாரக் காட்சியா என்று விவாதம் நடக்கிறது.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைப் பார்க்க இன்று போனால் பச்சைப் புல்தரைதான் தெரியும். 2024 கோடையோடு அகழாய்வை முடித்து, மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். அடுக்கடுக்காகப் பிளக்கும் அதே கல்தான் காரணம். 5,000 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தபோது பத்திரமாக இருந்தது, மழையும் உறைபனியும் பட்டதும் ஏடு ஏடாக உரியத் தொடங்கியது. கண்ணாடிக் கூரை போட்டு டிக்கெட் விற்றிருக்கலாம். செய்யவில்லை. சுற்றுலாப் பயணிக்கு ஏமாற்றம்தான், ஆனால் இந்த ஏமாற்றம் நியாயமானது. இடத்தின் பத்தில் ஒரு பங்குதான் தோண்டப்பட்டது. மீதியை, இதைவிட நல்ல கருவிகள் வைத்திருக்கப்போகும் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

கல்லறைக்குள் கிறுக்கிய வைக்கிங்குகள்

மேஸ்ஹவ் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புல்மேடு. உள்ளே போக 10 மீட்டருக்கும் நீளமான, ஒரு மீட்டர் உயரமே உள்ள பாதையில் முதுகை வளைத்துக்கொண்டு நடக்க வேண்டும். முதுகுவலி உள்ள ஐ.டி. ஊழியர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. நடுவில் உயரமான கல் அறை. குளிர்காலத்தில், ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய வாரங்களில், மறையும் சூரியனின் ஒளி அந்தப் பாதை வழியாகப் புகுந்து பின்சுவரில் விழுகிறது. ஏறக்குறைய 4,800 ஆண்டுகளாக அந்த ஏற்பாடு வேலை செய்துகொண்டிருக்கிறது.

12-ம் நூற்றாண்டில் வைக்கிங் வழிவந்த வீரர்கள் கூரையை உடைத்து உள்ளே இறங்கினார்கள். சுவரில் 30-க்கும் மேற்பட்ட ரூன் எழுத்து வாசகங்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒருவர் ஒரு பெண்ணின் அழகைப் புகழ்கிறார். இன்னொருவர் புதையல் பற்றிப் பேசுகிறார். மற்றொருவர் எட்டாத உயரத்தில் எழுதிவிட்டு, உயரத்தில் எழுதியது தான்தான் என்று பெருமையடித்துக்கொள்கிறார். கோயில் மண்டபத் தூணில் பெயரும் இதயமும் கீறும் நபர்களைத் திட்டிக்கொண்டே இருக்கும் நமக்கு, 850 ஆண்டுகள் பழைய கிறுக்கல் பாரம்பரியச் சின்னமாகிவிட்டதைப் பார்த்தால் கொஞ்சம் தர்மசங்கடம்தான்.

நார்வேக்காரர்கள் இங்கே எப்படி? ஓர்க்னியும் ஷெட்லாந்தும் அப்போது நார்வே ஆட்சியில் இருந்தன. ஸ்காட்லாந்தின் கைக்கு வந்த கதை நமக்கு நன்றாகவே புரியும்: வரதட்சணைப் பாக்கி. டென்மார்க், நார்வே அரசரான முதலாம் கிறிஸ்டியன், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடிக்க ஒப்புக்கொண்டார். சீர்ப் பணத்தைக் கொடுக்க முடியாமல் 1468-ல் ஓர்க்னியையும், 1469-ல் ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை.

லூயிஸ்: கரிமண்ணில் புதைந்த வட்டமும், சென்னைக்கு வந்த ஸ்டோர்னோவேக்காரரும்

ஓர்க்னியிலிருந்து தென்மேற்கே, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருப்பது லூயிஸ் தீவு. கேலிக் மொழி இன்னும் பேச்சில் இருக்கும் ஊர். இங்குள்ள கலனிஷ் கல்வட்டம் சுமார் கி.மு. 2900-ஐ ஒட்டியது. 13 கற்கள் வட்டமாக, நடுவில் 4.8 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல், நான்கு பக்கமும் கல் வரிசைகள். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். ஆனால் கிறிஸ்துவுக்கு மூவாயிரம் ஆண்டு முந்தையது. லூயிஸ் நைஸ் எனப்படும் இந்தப் பாறை, பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. வயது 300 கோடி ஆண்டு வரை. 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலா, தெற்கே உள்ள குன்றுகளை ஒட்டித் தாழ்வாக நகரும். 2024-25-ல் அந்தக் காட்சி வந்து போய்விட்டது. அடுத்ததற்கு 2043 வரை காத்திருக்க வேண்டும்.

கற்களைச் சுற்றி ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கரிமண் மூடியிருந்தது. 1857-ல் அதை அகற்றச் சொன்னவர் தீவின் உரிமையாளர் ஜேம்ஸ் மாத்தசன். தீவையே விலைக்கு வாங்க அவருக்கு ஏது பணம்? இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்ற ஜார்டின் மாத்தசன் நிறுவனத்தின் பங்குதாரர் அவர். அபினிப் பணத்தில் 1844-ல் தீவை வாங்கினார், ஸ்டோர்னோவேயில் கோட்டை கட்டினார். பஞ்சத்தில் வாடிய குடியானவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் காலத்தில் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

ஸ்டோர்னோவேக்கும் சென்னைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி பிறந்தது இந்த ஊரில்தான், 1754-ல். தென்னிந்தியாவை அளந்துகொண்டே அவர் சேகரித்த ஓலைச்சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஊர் வரலாறுகள் 'மெக்கன்சி சுவடிகள்' என்ற பெயரில் புகழ்பெற்றவை. ஒரு பகுதி இன்றும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. கல் வட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் நம்மூர்க் கல்வெட்டைத் தேடி அலைந்திருக்கிறார்!

ஒரு எச்சரிக்கை: லூயிஸில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான். ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி விடத் தொடங்கியதே 2009-ல். அதற்கும் எதிர்ப்பு இருந்தது. சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

36 பேர் கிளம்பிய காலை

இன்னும் மேற்கே, வெளித் தீவுகளிலிருந்தும் 64 கி.மீ. தள்ளி அட்லாண்டிக் நடுவில் செயின்ட் கில்டா. பிரதான தீவின் பெயர் ஹிர்டா. பிரிட்டனிலேயே உயரமான கடல் குன்றுகள் இங்கேதான், 430 மீட்டர். 17-ம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 180 பேர் வாழ்ந்தார்கள். மீன் பிடிக்க முடியாத கடல் என்பதால் அவர்களின் உணவு பறவை. கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறை இடுக்கில் கடற்பறவைகளையும் முட்டைகளையும் எடுப்பார்கள். பறவை இறைச்சியைக் காற்றில் உலர்த்திச் சேமிக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கல் குடில்களைக் கட்டியிருக்கிறார்கள். 'க்ளீட்' எனப்படும் அவை இன்றும் மலைச்சரிவு முழுக்க நிற்கின்றன.

தினமும் காலையில் ஆண்கள் எல்லோரும் தெருவில் கூடி, இன்று என்ன வேலை, யார் எங்கே போவது என்று பேசி முடிவெடுப்பார்கள். 'பாராளுமன்றம்' என்று வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். இன்றைய அலுவலக 'ஸ்டாண்ட்-அப் மீட்டிங்' அப்படியே. ஒரே வித்தியாசம், அவர்கள் சில நாள் முடிவே எடுக்காமல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். (வித்தியாசம் இல்லை என்றும் சிலர் சொல்லக்கூடும்.) தபால் அனுப்ப, மரத்தைக் குடைந்து உள்ளே கடிதம் வைத்து, ஆட்டின் சிறுநீர்ப்பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ கரை ஒதுங்கினால் யாராவது தபால் பெட்டியில் போடுவார்கள்.

19-ம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பங்கு சில நாள்களிலேயே இறந்தன. காரணம், பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் டெட்டனஸ். அது கட்டுக்குள் வந்த பிறகு, இளைஞர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். படகு வலிக்கவும் பாறை ஏறவும் ஆள் போதவில்லை. 1930-ன் தொடக்கத்தில் ஒரு இளம்பெண்ணின் மரணம் கடைசி அடி. எங்களைக் கூட்டிப்போங்கள் என்று தீவு மக்களே அரசுக்கு மனு எழுதினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 காலை, எஞ்சிய 36 பேரும் கப்பலேறினார்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கூட்டிப்போக முடியாத நாய்களைக் கழுத்தில் கல் கட்டிக் கடலில் மூழ்கடித்தார்கள். போன இடத்தில் ஆண்கள் பலருக்கு அரசு கொடுத்த வேலை, வனத்துறையில். மரமே இல்லாத தீவில் பிறந்தவர்கள் அவர்கள். அங்கே பிறந்து அன்று கப்பலேறியவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் 2016-ல், 93 வயதில் காலமானார்.

இன்று செயின்ட் கில்டா, இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்து யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற, உலகில் அரிதான இடங்களில் ஒன்று. வீட்டு வாசல்களில் கடைசியாக வாழ்ந்தவர்களின் பெயர் எழுதிய கற்கள் இருக்கின்றன.

சரி, போவது எப்படி?

இந்தியர்களுக்குப் பிரிட்டன் விசா வேண்டும், ஸ்காட்லாந்துக்குத் தனி விசா கிடையாது. எடின்பரோ, கிளாஸ்கோ, இன்வர்னஸ் நகரங்களிலிருந்து ஓர்க்னியின் தலைநகர் கிர்க்வாலுக்குச் சிறிய விமானங்கள் உண்டு. கடல் வழி என்றால் ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ராம்னஸுக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் 'ஓல்டு மேன் ஆஃப் ஹாய்' என்ற 137 மீட்டர் ஒற்றைப் பாறைத் தூணைப் பார்க்கலாம். லூயிஸுக்கு உல்லபூலிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். செயின்ட் கில்டாவுக்கு ஹாரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து கோடையில் மட்டும் ஒரு நாள் படகுகள் போகும். போவதற்கே மூன்று மணி நேரம் ஆகலாம், அலை சரியில்லை என்றால் தரையிறங்காமலேயே திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே கூடுதலாக ஓரிரு நாள் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடாதவர்கள் போகாமல் இருப்பதே மேல்.

மே முதல் ஆகஸ்ட் வரை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஜூனில் 18 மணி நேரப் பகல். டிசம்பரில் ஆறு மணி நேரம்தான். மேஸ்ஹவ் வழிகாட்டியோடு மட்டுமே, முன்பதிவு கட்டாயம். ப்ராட்கர், ஸ்டென்னஸ் கற்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

நேரம் இருந்தால் ஓர்க்னியின் வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் பறந்து பாருங்கள். 2.7 கி.மீ. தூரம். உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை. சீட் பெல்ட் போட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடும், சாதனை நேரம் 53 வினாடி. ரீல்ஸுக்காகப் பலரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குட்டித் தீவில்தான் 'நாப் ஆஃப் ஹவர்' இருக்கிறது. சுமார் கி.மு. 3700-ஐச் சேர்ந்த பண்ணை வீடு, ஸ்காரா ப்ரேக்கும் மூத்தது. பெரும்பாலான நாள்களில் கூட்டமே இருக்காது.

கூட்டம் இருப்பது கிர்க்வாலில். ஒரே பருவத்தில் 200-க்கும் மேற்பட்ட சொகுசுக் கப்பல்கள் வந்துபோன ஆண்டுகள் உண்டு. சில கப்பல்களில் நாலாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் அதே ஐந்தாறு மணி நேரத்தில் அதே மூன்று இடங்களுக்குப் பேருந்தில் போகிறார்கள். ப்ராட்கர் வளையத்தில் ஈரமான புல் சேறாகி, நடைபாதையைச் சில காலம் மூடிவைத்து ஓய்வு கொடுக்க வேண்டிய நிலை. கடைக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் இது வருமானம், அதை மறுக்க முடியாது. ஆனால் 2024-ல் ஸ்காட்லாந்து கொண்டுவந்த சுற்றுலா வரிச் சட்டம், அறை எடுத்துத் தங்குபவர்களிடம் வசூலிக்க மட்டுமே உள்ளாட்சிகளுக்கு அனுமதி தருகிறது. கப்பலிலேயே தூங்கிவிட்டு இறங்குபவரிடம் வாங்க வழியில்லை. விடுதியில் நான்கு நாள் தங்கி, ஊர்ப் பேருந்தில் போகும் பயணிதான் கட்டக்கூடியவர். பெரிய கப்பலுக்குச் சலுகை, முதுகுப்பைக்காரருக்கு வரி என்பது தலைகீழான ஏற்பாடு.

அலைக்கு முன்னால் ஓடுபவர்கள்

ஓர்க்னியில் அறியப்பட்ட தொல்லியல் இடங்கள் சுமார் 3,000. எல்லாவற்றுக்கும் ஸ்காரா ப்ரே போலச் சுவர் கட்ட முடியாது. எனவே எதைக் காப்பது, எதைப் பதிவு செய்துவிட்டுக் கடலுக்கு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி தினசரி வேலையாகிவிட்டது. வெஸ்ட்ரே தீவின் லிங்க்ஸ் ஆஃப் நோல்ட்லேண்டில் காற்று மணல்மேடுகளையே அரித்துக்கொண்டு போகிறது. அவசர அகழாய்வில் 2009-ல் ஒரு சிறு மணற்கல் உருவம் கிடைத்தது. உயரம் 4 செ.மீ. கண், புருவம், மூக்கு எல்லாம் உண்டு. ஸ்காட்லாந்தில் கிடைத்த மிகப் பழைய மனித உருவம் அதுதான். கட்டைவிரல் அளவுதான். ஒரு குளிர்காலம் தாமதித்திருந்தால் மணலோடு போயிருக்கும்.

ரௌசே தீவின் ஸ்வாண்ட்ரோவில் நிலைமை இன்னும் நெருக்கடி. பெரிய கல்லறை மேடு ஒன்றும், அதைச் சுற்றி இரும்புக் கால, பிக்ட், வைக்கிங் கால வீடுகளும் கடற்கரைக் கூழாங்கல்லுக்கு அடியில் இருக்கின்றன. கூழாங்கற்களின் வழியே கடல்நீர் அடியிலிருந்து புகுந்து, மேலே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2010-களிலிருந்து கோடைதோறும் சில வாரங்கள் அங்கே தோண்டியது. ஏற்றத்தில் அலை எட்டிப் பார்க்கும், இறக்கத்தில் வேலை நடக்கும். பருவம் முடிந்ததும் அகழ்ந்த குழிகளைக் கற்களை அடுக்கி மூடிவிட்டு வருவார்கள். அடுத்த ஆண்டு திறக்கும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.